ரேக் பிடித்துக்கொண்ட மைக்கோ பம்ப்: கழற்றும் முன் எதைப் பார்ப்பது?

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி வையுங்கள். டீசல் பம்பில் உள்ள ரேக், அதாவது டீசலைக் கூட்டிக் குறைக்கும் பல் கம்பி, கையால் தள்ளினால் போய், விட்டால் தானாகத் திரும்பி வருகிறது என்று கண்ணால் பார்க்கும் வரை ஒரு தடவைகூட செல்ஃப் அடிக்கக் கூடாது. ஸ்டார்ட் செய்ததும் தானாக ரேஸ் ஏறி நிற்க மறுத்த இன்ஜினை, டாப் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்து, கிளட்சை விட்டு அணைத்தீர்களே, அது நல்ல சமயோசிதம். அடுத்த முறையும் அது கைகொடுக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

நீங்கள் சொன்னதை ஒரு முறை சரிபார்த்துக்கொள்கிறேன். பழைய டாடா 1210, ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது. மைக்கோ இன்லைன் பம்ப், கவர்னர் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) பிளேட்டில் ஆர்எஸ்வி என்று அதன் வகை இருக்கிறது. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக்கோடு பைப் ஏற்றிப் போகும் வண்டி. மழைக்கு முன்னால் ஷெட்டில் விட்டது, ஐந்து மாதம் அப்படியே நின்றது, டேங்கில் கால் பங்கு டீசல். புது பேட்டரி போட்டு, ஏர் எடுத்து, ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமலே ரேஸ் ஏறியது, கரும்புகை தள்ளியது, ஸ்டாப் கேபிளை இழுத்தும் நிற்கவில்லை. இப்போது ஸ்டாப் லீவரைக் கையால் தள்ளினால் பாதி வரை போய்த் திரும்புகிறது. பார்த்தவர் பம்பையே மாற்றச் சொல்கிறார்.

பம்பை மாற்ற வேண்டியிருக்காது என்பது என் கணிப்பு. ஒன்றிரண்டு எலிமெண்ட் போயிருக்கலாம். எது பிடித்திருக்கிறது என்பதை வண்டியில் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கழற்றுவதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் நான் சொல்லும் சோதனைகள் புரியும். பம்புக்குள் ஆறு எலிமெண்ட். ஒவ்வொன்றிலும் ஒரு பேரல், அதற்குள் ஏறி இறங்கும் ஒரு பிளஞ்சர். ஏறி இறங்கும் தூரம் மாறுவதே இல்லை, ஏ சைஸ் பம்பில் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர். பிறகு டீசல் எப்படிக் கூடுகிறது, குறைகிறது? பிளஞ்சரின் மேல் பக்கத்தில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். பிளஞ்சரைக் கொஞ்சம் திருப்பினால் அந்தச் சாய்வு பேரலில் உள்ள துவாரத்தைச் சீக்கிரம் திறந்துவிடும், டீசல் குறையும். மறுபக்கம் திருப்பினால் தாமதமாகத் திறக்கும், டீசல் கூடும். ஆறு பிளஞ்சரையும் ஒரே நேரத்தில் திருப்புகிற பல் கம்பிதான் ரேக். ஒவ்வொரு எலிமெண்டின் ஸ்லீவிலும் மாட்டியிருக்கும் பல் துண்டு அந்த ரேக்கோடு கோத்திருக்கும். ரேக்கின் மொத்தப் பயணம் 21 மில்லிமீட்டர். வண்டி நிற்பதும் ஓடுவதும் உறுமுவதும் அதற்குள்தான்.

ஒரே கயிற்றில் கட்டிய ஆறு ஆட்டில் ஒன்று படுத்துக்கொண்டால் மற்ற ஐந்தும் நகர முடியாது. ரேக்கும் அப்படித்தான். "ரேக் ஜாம்" என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் ரேக் தானாக ஜாம் ஆவது அபூர்வம். ஆறில் ஏதோ ஒரு பிளஞ்சர் திரும்ப மறுக்கிறது, அதனால் ரேக் நிற்கிறது. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். தலைமுடியே அதைப்போல இருபது முப்பது மடங்கு பருமன். அதில் ரப்பர் சீல் எதுவும் இல்லை, அந்த நெருக்கமே சீல். ஐந்து மாதம் தண்ணீர் கலந்த டீசல் உள்ளே நின்றால் ஒரு பொட்டுத் துரு போதும்.

சரி, அது ஏன் ஃபுல் ரேஸில் போய்ப் பிடித்துக்கொண்டது? இது பலருக்குத் தெரியாத விஷயம். ஆர்எஸ்வி கவர்னரில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரிங் என்று மெலிதாக ஒன்று உண்டு. இன்ஜின் நின்றவுடன் அது ரேக்கை ஸ்டார்ட் செய்வதற்கான நிலைக்கு, அதாவது டீசல் அதிகம் போகும் பக்கத்துக்கு இழுத்து வைத்துவிடும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் கவர்னர் குண்டுகள் விரிந்து ரேக்கைப் பின்னால் இழுக்க வேண்டும். உங்கள் வண்டி ஐந்து மாதமும் அந்த ஸ்டார்ட் நிலையிலேயே நின்றது, அங்கேயே பிடித்தும் விட்டது. கவர்னர் குண்டு எவ்வளவு விரிந்தாலும் ரேக் அசையவில்லை. ஸ்டாப் கேபிள் நாப்பை இழுத்து வைத்த நிலையில் வண்டியை விட்டிருந்தால் ரேக் ஸ்டாப் பக்கம் பிடித்திருக்கும். நீங்கள் நாள் முழுக்க செல்ஃப் அடித்தாலும் ஸ்டார்ட் ஆகியிருக்காது. எரிச்சலான வேலை, ஆனால் ஆபத்தில்லாத வேலை.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். ரேக் சரியாக இருந்தும் இன்ஜின் நிற்காமல் ஓடுவது உண்டு. பழைய டாடாவில் ஆயில் பாத் ஏர் கிளீனர் இருக்கும். அதில் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றிவிட்டால் இன்ஜின் அந்த ஆயிலை இழுத்து எரித்துக்கொண்டு ஓடும். அப்போது புகை நீலமாகவோ வெள்ளையாகவோ இருக்கும். உங்களுடையது கரும்புகை, ஸ்டாப் லீவரும் முழுதாகப் போகவில்லை. அதனால் பம்ப்தான் என்று சொல்கிறேன். ஏர் கிளீனர் கிண்ணத்தில் அளவுக் கோட்டை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், செலவில்லை.

இப்போது வேலைக்கு வருவோம்.

பம்பையும் அதைச் சுற்றி உள்ள இடத்தையும் நல்ல டீசலும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவி, ஏர் அடித்து, துடைத்து வையுங்கள். இதில் அவசரப்படுகிறவர்கள்தான் புதுப் பிரச்சினையை உள்ளே தள்ளுகிறார்கள். ரிக் வண்டியில் ஒட்டியிருக்கும் பாறைத் தூள் ஒரு சிட்டிகை உள்ளே போனால் நல்ல எலிமெண்ட்டும் போய்விடும்.

அடுத்து ஸ்டாப் கேபிளையும் ஆக்ஸிலேட்டர் ராடையும் பம்ப் லீவர்களிலிருந்து கழற்றிவிடுங்கள். கேபிளைத் தனியாக இழுத்து, தள்ளிப் பாருங்கள். அவுட்டருக்குள் துருப்பிடித்த கேபிள்தான் வில்லன் என்று பல வண்டிகளில் இந்த இடத்திலேயே கதை முடிந்துவிடும். உங்களுக்கு அப்படி முடியாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் லீவரைக் கையால் தள்ளியும் பாதிதான் போகிறது. இருந்தாலும் பாருங்கள்.

இங்கே ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. சில கவர்னர்களில் ஸ்டாப் லீவருக்கும் ரேக்குக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங் உண்டு. ரேக் பிடித்திருந்தாலும் லீவர் மெத்தென்று போகும், விட்டால் அழகாகத் திரும்பும். "லீவர் ஃப்ரீயாத்தான் இருக்கு" என்று மெக்கானிக் சொல்வார், ரேக் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். அதனால் லீவரை நம்பாதீர்கள். பம்பில் கவர்னருக்கு எதிர்ப்பக்க முனையில், சின்ன குப்பி மாதிரி ஒரு கேப் இருக்கும். அதைக் கழற்றினால் ரேக்கின் நுனி தெரியும். பார்க்க வேண்டியது அதை.

அந்த நுனியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். விரலால் தள்ளுங்கள். நல்ல பம்பில் அது வெண்ணெய் மாதிரிப் போகும், விரலை எடுத்தால் ஸ்டார்ட்டிங் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். கவர்னரைப் பிரித்துவிட்டு டேபிளில் வைத்திருக்கும் பம்பாக இருந்தால் இன்னும் எளிது. பம்பைச் சாய்த்தாலே ரேக் தன் எடையில் வழுக்கி இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அந்தப் பம்ப் பாஸ் இல்லை.

உங்கள் ரேக் போகாது. பலம் போட வேண்டாம். பிளையர் வைத்து இழுக்கவே வேண்டாம். நுனியில் பிசிறு எழும்பி அப்புறம் அதுவே பிடித்துக்கொள்ளும்.

இப்போது நாசிலுக்கு (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிப்பது) போகும் ஆறு பைப்புகளையும் கழற்றி, திறந்த முனைகளில் எல்லாம் சுத்தமான கேப் போட்டு மூடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ரேக்கை விரலால் தொட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் இளகி, இன்னொரு இடத்தில் இறுகினால், ஒரு குறிப்பிட்ட பிளஞ்சர் மேலே ஏறும்போது மட்டும் உரசுகிறது என்று அர்த்தம். எந்த இடத்திலும் அசையவில்லை என்றால் ஒன்று முழுதாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏ சைஸ் பம்பில் பக்கவாட்டில் ஒரு கவர் உண்டு, அது பெரிய வசதி. பின்னால் வந்த பி (P) சைஸ் பம்பில் அந்த ஜன்னல் கிடையாது. கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஆறு ஸ்பிரிங்குகள், அதற்கு மேலே பல் துண்டுகள், கீழே பிளஞ்சரை மேலே தள்ளும் டேப்பெட்டுகள் வரிசையாகத் தெரியும். இன்ஜினை மெதுவாகத் திருப்பும்போது டேப்பெட் கீழே இறங்கியும் பிளஞ்சர் கூடவே இறங்காமல் மேலேயே நின்று, ஸ்பிரிங் அமுங்கியபடி இருந்து, நடுவில் ஒரு சந்து தெரிந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். சில சமயம் முழுதாக நிற்காது. கொஞ்சம் தயங்கி "டக்" என்று இறங்கும். அதுவும் அதே ஆள்தான். ஸ்லீவ் கிளாம்ப் ஸ்க்ரூ ஏதாவது லூஸாகி இருக்கிறதா, ஸ்பிரிங் உடைந்து அதன் துண்டு ரேக் பல்லில் மாட்டியிருக்கிறதா, உள்ளே இருக்கும் ஆயில் மோர் நிறத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மோர் நிறம் என்றால் தண்ணீர்.

எல்லாப் பிளஞ்சரும் ஒழுங்காக ஏறி இறங்குகின்றன, துருவும் இல்லை, ஆனாலும் ரேக் இறுக்கம் என்றால் அடுத்து நான் பார்ப்பது மேலே உள்ள டெலிவரி வால்வ் ஹோல்டர், அதாவது நாசில் பைப் மாட்டும் திருகு. இதை நான் அடி வாங்கிக் கற்றுக்கொண்டேன்.

தொழில் பழகிய இரண்டாவது வருஷம். ஒரு பம்பில் டெலிவரி வால்வ் வாஷர் மாற்றினேன். ஒழுகக் கூடாது என்று ஸ்பேனரில் பைப் மாட்டி ஆறையும் இறுக்கினேன். டேபிளில் தூக்கி வைத்தால் ரேக் கல் மாதிரி நிற்கிறது. அரை நாள் கவர்னரைக் குடைந்தேன். சாயங்காலம் எங்கள் மேஸ்திரி டீ டம்ளரோடு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கையால் பம்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒவ்வொரு ஹோல்டரையும் கால் சுற்று தளர்த்திக்கொண்டே வந்தார். நான்காவதைத் தளர்த்தியதும் ரேக் "சர்" என்று இறங்கி முனையில் போய் இடித்தது. டார்க் ஸ்பேனரை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

நடந்தது இதுதான். ஹோல்டரை அளவுக்கு மேல் இறுக்கினால் அது கீழே உள்ள பேரலை நசுக்கும். பேரல் நூலிழை கோணினாலும் உள்ளே பிளஞ்சருக்கு இடம் போதாது. எனவே ஹோல்டர்களின் நடுவே உள்ள லாக் பிளேட்டை எடுத்துவிட்டு, ஒன்று ஒன்றாகக் கால் சுற்று தளர்த்தி, ஒவ்வொரு தடவையும் ரேக்கைத் தொட்டுப் பாருங்கள். எதைத் தளர்த்தியதும் இளகுகிறதோ அந்த எலிமெண்ட்தான். அந்தப் பம்புக்கு உரிய டார்க்கில் திரும்ப இறுக்கும்போது ரேக் இளக்கமாகவே இருந்தால் உங்களுக்கு யோகம். கைப்பலத்தை அளவுகோலாக வைக்க வேண்டாம். உங்கள் வண்டியில் நிற்பதற்கு முன்னால் யாராவது பம்பில் கை வைத்திருந்தார்களா என்று டிரைவரிடம் கேளுங்கள். ஐந்து மாதம் நின்றதும் இறுக்கமும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம்.

பிடித்திருப்பது ஒரு பிளஞ்சர்தான் என்று தெரிந்துவிட்டது, இளக்குவது எப்படி? பொறுமையாக. அந்தச் சிலிண்டரின் ஹோல்டர், ஸ்பிரிங், டெலிவரி வால்வை எடுங்கள். எந்த எண்ணில் இருந்து எடுத்தீர்களோ அந்த எண்ணோடு தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வால்வும் அதன் சீட்டும் ஜோடி. பேரலின் மேல் வாயில் சுத்தமான டீசலோடு கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து சில சொட்டு விடுங்கள். பம்ப் கேலரியில் (பேரல்களைச் சுற்றி டீசல் நிற்கும் அறை) இருக்கும் பழைய டீசலை வடித்துவிட்டு அங்கேயும் இதே கலவையை நிரப்புங்கள். ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் பக்க ஜன்னல் வழியாகப் பித்தளைக் கம்பியால் பல் துண்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாகத் தட்டிப் பாருங்கள். முடி அளவு அசைந்தாலே போதும், மறுபடி சொட்டு விட்டு, மறுபடி அசைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வரும்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுத்தியல் கூடாது. எமரி ஷீட் கூடாது. பிளஞ்சரில் ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பக் கூடாது. சூடு காட்டக் கூடாது. தின்னர் ஊற்றினால் பிசின் கரையும், கூடவே ரப்பர் ரிங்குகளும் உப்பிப் போகும், எலிமெண்ட் உலர்ந்து இன்னும் மோசமாக உரசும். ஒரு எலிமெண்டின் பிளஞ்சரை இன்னொரு பேரலில் மாற்றிப் போடவே கூடாது. அவை ஒன்றுக்கொன்று தேய்த்துச் சேர்த்த ஜோடிகள்.

இளகி வந்தபின் அது எதனால் பிடித்தது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். பழுப்பு நிறப் பிசின்தான் என்றால் கழுவினால் போய்விடும், பம்ப் பல வருஷம் ஓடும். துரு என்றால் பிளஞ்சரில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருக்கும். இன்றைக்கு ஓடும், ஆனால் அந்தக் குழி வழியாக டீசல் கசிந்து கீழே பம்ப் ஆயிலில் கலக்கும், ஸ்டார்ட்டிங் கஷ்டமாகும், மறுபடியும் பிடிக்கும். அப்படி இருந்தால் பம்பை இறக்கி, எலிமெண்ட் மாற்றி, பம்பைத் தனியாக ஓட்டி அளக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்ற வேண்டியதுதான். இறக்கும் முன், பம்பை இன்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கில் பன்ச் குறி போட மறக்காதீர்கள். திரும்ப மாட்டும்போது டைமிங் தேடி அலைய வேண்டாம்.

டெஸ்ட் பெஞ்ச் கண்டிப்பாக வேண்டுமா என்று கேட்பீர்கள். எலிமெண்ட் மாற்றினால் கண்டிப்பாக வேண்டும். ஆறு சிலிண்டர் பம்பில் 1-5-3-6-2-4 வரிசையில் ஒவ்வொன்றும் 60 டிகிரி இடைவெளியில், அரை டிகிரிக்கு மேல் பிசகாமல் டீசல் தள்ள வேண்டும். தள்ளும் அளவும் ஆறிலும் ஒன்றாக இருக்க வேண்டும். காதால் கேட்டு அதைச் செட் செய்ய முடியாது. செட் செய்கிறேன் என்று கவர்னர் ஈய சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருப்புகிறவரிடமிருந்து பம்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய இரும்புக் கடையில் செகண்ட் ஹேண்ட் பம்ப் கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். வாங்குவதாக இருந்தால் பிளேட் எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பி இ (PE) என்பது சொந்தக் கேம் ஷாஃப்ட் உள்ள இன்லைன் பம்ப்; 6 என்பது சிலிண்டர்; ஏ என்பது அளவு; அடுத்து வரும் 80 என்றால் பிளஞ்சர் விட்டம் 8.0 மில்லிமீட்டர், 90 என்றால் 9.0. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். 90ஐக் கொண்டுபோய் 80 இருந்த இடத்தில் மாட்டினால் பிக்கப் பிரமாதமாக இருக்கும், கரும்புகையும் பிஸ்டனும் பதில் சொல்லும். பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ கம்பெனி 2008இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிவிட்டது. புது எலிமெண்ட் டப்பாவில் பாஷ் என்றுதான் இருக்கும். மைக்கோ என்று புத்தம் புது டப்பாவில் யாராவது நீட்டினால் யோசியுங்கள்.

பம்போடு சேர்ந்து இன்னும் இரண்டு இடங்கள் பிடிக்கும், ஆனால் அறிகுறி வேறு. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் பிஸ்டன் பிடித்தால் வண்டி ரேஸ் ஆகாது. மேடேறும்போது மூச்சு வாங்கி நின்றுவிடும், கையால் பிரைமர் (டீசலை ஏற்றும் கை பம்ப்) அடித்தால் கொஞ்ச தூரம் ஓடும். டெலிவரி வால்வ் பிடித்தால் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கும். சோதிப்பது எளிது. நாசில் பைப்பைக் கழற்றிவிட்டு, இன்ஜினைத் திருப்பாமல் ஹேண்ட் பிரைமர் மட்டும் அடியுங்கள். ஹோல்டர் வாயில் டீசல் ஊறி வந்தால் அந்த வால்வ் உட்காரவில்லை. பிரைமர் பிரஷருக்கு அது திறக்கவே கூடாது.

எல்லாம் மாட்டிய பிறகு முதல் ஸ்டார்ட். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றி இன்டேக் வாயைத் திறந்து வையுங்கள். அந்த வாயைவிடப் பெரிய, தடித்த பிளைவுட் பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ரேஸ் ஏறினால் பலகையை வாயில் அடித்து மூடினால் காற்று இல்லாமல் இன்ஜின் செத்துவிடும். உள்ளங்கையால் மூடக் கூடாது, சாக்கு, துணி எல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். டேங்க் பைப்பை மூடி நிறுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். ஃபில்டரிலும் கேலரியிலும் உள்ள டீசல் தீரும் வரை அது ஓடும், அதற்குள் கனெக்டிங் ராட் வெளியே வந்து எட்டிப் பார்க்கும். ஓடுகிற இன்ஜினில் நாசில் பைப்பைத் தளர்த்தவும் வேண்டாம். அந்தப் பிரஷரில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். மேலே ஊசி குத்திய மாதிரிதான் தெரியும், உள்ளே கை அழுக ஆரம்பிக்கும். அப்படி ஏதாவது நடந்தால் வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள், ஆயில் பிரஷர் ஏறட்டும். அப்புறம் லீவரை விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனவுடன் ஒரு முறை ஸ்டாப் லீவரை இழுத்து அணைத்துப் பாருங்கள். அடுத்து ஐடிலில் பத்து நிமிஷம். ரேஸ் கூடிக் கூடிக் குறைந்து ஊஞ்சல் ஆடினால் ரேக்கில் இன்னும் கொஞ்சம் உரசல் இருக்கிறது, திரும்பப் பாருங்கள்.

இதற்கெல்லாம் காரணம் டேங்க்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. டிரெயின் பிளக்கைத் திறந்து முதலில் வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ஒரு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாக நிற்கும். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் கருப்பாக வழவழவென்று ஒரு படலம் இருந்தால் அது தண்ணீரில் வளரும் பாசி மாதிரியான கிருமி, ஃபில்டரை அடைப்பதும் அதுதான். கால் டேங்க் டீசலோடு மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியில் மீதி முக்கால் டேங்க் ஈரக் காற்று. ராத்திரிக் குளிரில் அது வியர்த்து உள்சுவரில் வழிந்து கீழே இறங்கும். டேங்கை இறக்கிக் கழுவி, இரண்டு ஃபில்டரையும் மாற்றாமல் புது எலிமெண்ட் போடுவது வீண் செலவு.

"இப்போ வர்ற டீசல்ல வழவழப்பு இல்ல, அதான் பழைய பம்ப் எல்லாம் பிடிக்குது" என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வரும் பிஎஸ் 6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 10 பங்கு), அதற்கு முந்தைய பிஎஸ் 4இல் 50. கந்தகத்தை நீக்கும்போது இயற்கையான வழவழப்பும் கொஞ்சம் போவது நிஜம். அதை ஈடுகட்ட ரிஃபைனரியிலேயே மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். வழவழப்பை உண்மையில் கெடுப்பது மண்ணெண்ணெய்க் கலப்படம். வழியில் கேனில் மலிவாகக் கிடைக்கும் டீசலை டிரைவர் வாங்குகிறாரா என்று விசாரியுங்கள். டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றுவது) கலந்தால் சரியாகும் என்று ஒரு வைத்தியம் உண்டு. கொஞ்சம் கலந்தால் கெடுதல் இல்லை, பிடித்த பிளஞ்சரை அது இளக்கியதை நான் பார்த்ததும் இல்லை.

இனி வண்டியை நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கை வழிய நிரப்பி, ஸ்டாப் நாப்பை வெளியே இழுத்த நிலையில் விடுங்கள். பம்புக்குத் தனி டிப் ஸ்டிக் இருந்தால் ஆயில் அளவையும் பாருங்கள். கூடியிருந்தால் டீசல் கலந்திருக்கிறது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஸ்டார்ட் செய்ய ஆள் இல்லையென்றால், வாட்ச்மேனிடம் சொல்லி பானட்டைத் திறந்து ஸ்டாப் லீவரைப் பத்துத் தடவை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு, நாப்பை மறுபடி வெளியே இழுத்து வைக்கச் சொல்லுங்கள்.